பையைக் கட்டிலில் கொட்டச் சொல்வேன்

வேலந்தாவளத்துக்குப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தப் பாட்டிக்கு 78 வயது, எடை 42 கிலோ. மூன்று நாளாகப் பேச்சில் தொடர்பே இல்லை. ராத்திரி எழுந்து, எப்போதோ விற்றுவிட்ட மாட்டைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போகிறார். பேத்தியைத் தன் அக்கா என்று கூப்பிடுகிறார். "அம்மாவுக்குப் புத்தி மாறிப்போச்சுங்க டாக்டரம்மா, வயசாயிருச்சில்லீங்களா" என்றார் மகன். பேத்தியின் மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது.

பல வருடமாக எனக்கு ஒரு வழக்கம் உண்டு. என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று வாய்க் கேள்வியாகக் கேட்டு நிறுத்திக்கொள்வதில்லை. பையைக் கட்டிலின் மேல் கொட்டச் சொல்வேன். அன்றைக்கும் அப்படித்தான். பச்சை விரிப்பின் மேல் விழுந்தவற்றைப் பேத்தியும் நானும் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தோம். கத்தரியால் வெட்டியதில் பெயர் போய்விட்ட மாத்திரை அட்டைகள், மருந்துக்கடைக்காரர் காலை, இரவு என்று பேனாவில் எழுதிக் கொடுத்த சின்னக் காகித உறைகள், பாதி குடித்த அரிஷ்டம் ஒரு பாட்டில், கஷாயப் பொட்டலம் ஒன்று, தைலம். சீட்டுகள் இரண்டு. ஒன்று கோயமுத்தூரில் ஒரு எலும்பு டாக்டர் எழுதியது, இன்னொன்று பாலக்காட்டில் எழுதியது. எண்ணிப் பார்த்தால் 14 வகை. அதில் இரண்டு அட்டை ஒரே மருந்து. ஒன்றில் அம்லாங் என்றும் மற்றதில் ஸ்டாம்லோ என்றும் இருந்தது. இரண்டுக்குள்ளும் இருப்பது அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரைதான். பாட்டி இரண்டையும் தவறாமல் போட்டுவந்திருக்கிறார். வெட்டுப்பட்டுப் பெயரில்லாமல் கிடந்த அட்டை ஒன்றை யார் கொடுத்தது என்று கேட்டேன். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் தங்கச்சி தனக்கு வந்ததில் பாதியைக் கொடுத்தாராம். "எனக்கு நல்லாக் கேட்டுச்சு, நீயும் போடு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

எல்லை ஊர்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் எல்லாம் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். ரேஷன் ஒரு மாநிலத்தில், சம்பந்தம் இன்னொரு மாநிலத்தில். மூட்டுவலிக்குக் கோயமுத்தூர் போவார்கள், நெஞ்சுவலிக்குப் பாலக்காடு, காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக், எதிலும் கேட்காவிட்டால் ஆயுர்வேத வைத்தியசாலை. போகிற ஒவ்வொரு இடத்திலும் நல்ல மனத்தோடு ஒருவர் எழுதித் தருகிறார். எந்தச் சீட்டும் மற்றச் சீட்டைப் பார்ப்பதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவிலேயே 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பங்கு அதிகம் உள்ள மாநிலம் கேரளம், 12.6 விழுக்காடு. தமிழ்நாடு 10.4. அவர்களில் எத்தனை பேர் கையில் இந்த மஞ்சப்பை இருக்கும் என்று ரவுண்ட்ஸ் முடித்துத் திரும்பும்போது நினைத்துப்பார்ப்பேன்.

சரி, அந்தப் பாட்டியின் பையில் இருந்த மாத்திரைகளை வந்த வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். பேத்திக்கு நல்ல ஞாபகம். முதலில் முழங்கால் வலி. அதற்கு அசிக்ளோபினாக். வலி குறைந்தது. ஆனால் இந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும், பிரஷரை ஏற்றும். அடுத்த முறை பார்த்த டாக்டர் பிரஷர் கூடியிருப்பதைக் கண்டு அம்லோடிபின் எழுதினார். அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்கவைக்கும். ரத்தக்குழாய் விரிவதால் வரும் வீக்கம் அது, உடம்பில் நீர் கூடியதால் வருவதல்ல. அதனால் நீர் மாத்திரைக்கு அது பெரிதாக மசியாது. ஆனால் வீங்கின காலைப் பார்த்த இன்னொருவர் நீர் போகிற மாத்திரை எழுதினார், காலை ஒன்று மாலை ஒன்று. மாலை மாத்திரையின் வேலையால் ராத்திரி நாலைந்து முறை எழ வேண்டியிருந்தது. "அடக்க முடியறதில்லீங்க" என்று பாட்டி சொன்னதற்கு ஆக்சிபியூட்டினின் வந்தது. அது சிறுநீர்ப்பையை அடக்கும். கூடவே வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், வயதான மூளையைக் குழப்பும். மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து. தூக்கம் கெட்டதற்கு அல்பிரசோலம். இத்தனை மாத்திரைக்கு வயிறு கெடாமலிருக்கக் கேஸ் மாத்திரை.

ஆங்கில மருத்துவ இதழ்களில் 1990களில் ரோஷான், குர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் மருந்துச் சங்கிலி என்று சொல்லலாம். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அடுத்த மருந்து எழுதுவது, அதன் விளைவுக்கு இன்னொன்று. இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைக்கூட முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. வீங்கின காலோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால், வெளியே நாற்பது பேர் காத்திருந்தால், நானும் நீர் மாத்திரைதான் எழுதியிருப்பேன். எழுதியும் இருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் சோடியம், அதாவது உப்புச்சத்து, 124 வந்தது. இயல்பாக 135க்கு மேல் இருக்க வேண்டும். பையிலிருந்த இன்னொரு பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் எச் என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தது. அந்த ஓர் எழுத்துக்குள் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற இன்னொரு நீர் மாத்திரை இருக்கிறது. சோடியத்தை இறக்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆக நீர் மாத்திரை இரண்டு, பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைப் பிழிந்துகொண்டிருந்தன. சோடியம் இவ்வளவு இறங்கினால் மூளை குழம்பும். மாட்டைத் தேடிப் போனது வயதின் வேலை அல்ல.

சிறுநீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாட்டியின் கிரியாட்டினின் 1.1. ரிப்போர்ட்டில் அதற்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை, நார்மல் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வெளியேற்றுவது. தசையே வற்றிப்போன உடம்பில் சிறுநீரகம் பாதி ஓய்ந்தாலும் அந்த எண் ஏறாது. அதனால் காகிதத்தில் ஒரு கணக்குப் போடுகிறோம். 140இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்க வேண்டும். வருவதை, கிரியாட்டினினை 72ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் 0.85ஆல் பெருக்க வேண்டும். பாட்டிக்கு 62ஐ 42ஆல் பெருக்கி, 79.2ஆல் வகுத்து, 0.85ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 28 வருகிறது. சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்பதன் தோராயம் அது. வாலிபத்தில் 100க்கு மேல் இருந்திருக்கும். நார்மல் என்று நினைத்த சிறுநீரகத்தின் நிலை இதுதான். காக்ராப்ட், கால்ட் என்ற இரண்டு பேர் 1976இல் ஆண் நோயாளிகளின் அளவுகளை வைத்துக் கண்ட கணக்கு அது. இன்று வேறு சூத்திரங்களும் வந்துவிட்டன, எல்லாமே தோராயம்தான். ஆனாலும் கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரிகாபலின், இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின், சில ஆன்டிபயாடிக்குகள் எல்லாவற்றுக்கும் அளவு முடிவுசெய்வதற்குமுன் இந்த ஒரு நிமிடக் கணக்கைப் போடாமல் பேனாவை எடுக்கக் கூடாது என்பது என் உறுதி. எடை தெரிந்தால்தான் கணக்கே போட முடியும். வார்டில் படுத்திருக்கும் எத்தனை முதியவர்களின் கேஸ் ஷீட்டில் எடை எழுதியிருக்கிறது என்று ஒருநாள் பாருங்கள்.

டிகாக்சின் என்றதும் ஞாபகம் வருகிறது. கஷாயப் பொட்டலத்தைப் பார்த்தால் பலர் முகம் சுளிப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை, செய்தால் அடுத்த முறை ஒளித்துவைத்துவிட்டு வருவார்கள். எங்கள் பக்கம் கஷாயமும் அரிஷ்டமும் சாப்பாட்டோடு சேர்ந்தவை. ஆனால் அதிமதுரம் அதிக நாள் அதிக அளவில் போனால் பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்கும். பொட்டாசியம் இறங்கின உடம்பில் டிகாக்சின் விஷமாக வேலை செய்யத் தொடங்கும். சாப்பாடு பிடிக்காமல் போவதும் குமட்டலும்தான் பெரும்பாலும் முதல் அறிகுறி. வயதானால் சாப்பாடு இறங்காது என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அரிஷ்டம் என்பது புளித்துத் தானே மது உண்டாகிற மருந்து. அதன் மேல் தூக்க மாத்திரையும் போட்டால் கட்டிலிலிருந்து இறங்கும்போது கால் தரிக்காது. அதனால் "வைத்தியசாலையில என்ன குடுத்தாங்க, பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று சாதாரணமாகக் கேட்டுவிட வேண்டும்.

முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளுக்குப் பட்டியல்கள் இல்லாமல் இல்லை. 1991இல் அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்காக ஒரு பட்டியல் போட்டார்கள். பியர்ஸ் பட்டியல் என்று இன்றும் அதற்குப் பெயர். அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள், 2023இலும் புதுப்பித்தார்கள். 2008இல் அயர்லாந்தின் கார்க் நகரத்திலிருந்து ஸ்டாப், ஸ்டார்ட் என்ற இரட்டைப் பட்டியல் வந்தது. எனக்கு அது கூடுதலாகப் பிடிக்கும். ஒரு பாதி எதை நிறுத்தலாம் என்கிறது, மறுபாதி கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டாயா என்று கேட்கிறது. அங்கே போட்ட பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. நம் பையில் தவறாமல் இருக்கும் அசிக்ளோபினாக் அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் அடைத்து விற்கும் பழக்கமும் இங்கேதான் அதிகம். பட்டியலை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் பையைத் துழாவத்தான் வேண்டும்.

முதியோர் மருத்துவம் நமக்குப் புதிதுமல்ல. 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் அதைத் தனித்துறையாகத் தொடங்கிவிட்டார். குழந்தைக்கென்று ஒரு டாக்டர் இருப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை, கிழவிக்கென்று ஒரு டாக்டர் வேண்டும் என்றால் மட்டும் எதற்கு என்கிறார்கள். எல்லை ஊரில் அப்படி ஒருவர் கிடைக்க இன்னும் நாளாகும். அதுவரை பொதுமருத்துவம் பார்க்கிற நாங்கள்தான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும்.

நான் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. பயிற்சி முடித்த புதிது, வேறொரு ஆஸ்பத்திரி. எண்பதைத் தாண்டிய தாத்தா ஒருவர், நிமோனியா. சேர்க்கும்போது வீட்டு மருந்து எல்லாம் அப்படியே தொடரட்டும் என்று டிரக் சார்ட்டில் ஒரே வரி எழுதினேன். அதில் கிளிபன்கிளமைடு இருந்தது. பழைய சுகர் மாத்திரை, விலை குறைவு, வேலை நீளம். தாத்தாவுக்கு இரண்டு நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. மாத்திரை மட்டும் நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. விடிகாலை நாலரை மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து நனைந்து, கூப்பிட்டதற்குக் குரலில்லாமல் கிடந்தார். சுகர் 38. குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்தார், ஏறின சுகர் மறுபடி இறங்கியது. அந்த மாத்திரை உடம்பை விட்டுப் போகிற வரை, ஒன்றரை நாள், மணிக்கணக்காக ஊசி குத்திப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும்போது என் தலையில் கை வைத்து, "நீதான் கண்ணு காப்பாத்துனே" என்றார். அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு "வீட்டு மருந்து தொடரட்டும்" என்று ஒரே வரியாக எழுதியதே இல்லை. ஒவ்வொரு மருந்தையும் பெயர் எழுதி, எதற்கு, எவ்வளவு, இன்றைக்கு வேண்டுமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இன்றைக்கு வேண்டுமா என்பது வார்டில் தினமும் கேட்க வேண்டிய கேள்வி. வீட்டில் சரியாக இருந்த பிரஷர் மாத்திரை, வாந்திபேதியோடு வந்து கிடக்கும்போது ஆபத்து. காய்ச்சலுக்குத் தொடங்கிய ஆன்டிபயாடிக் எந்தத் தேதியில் முடிகிறது என்று முதல் நாளே எழுதாவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி நேரம் இன்னும் மோசம். பாட்டி சேர்ந்த அன்று இரவு உடம்பு அரிக்கிறது என்றதும் ஏவில் ஊசி போட ஒருவர் எடுத்துவிட்டார். அரிப்புக்கு எல்லோரும் போடுகிற ஊசிதான், ஆனால் குழம்பிக் கிடக்கிற முதியவரை இன்னும் குழப்பும். நல்லவேளையாகச் சிஸ்டர் ஒருவர் போன் செய்து கேட்டார். அரிப்பு, வறண்ட தோலால் வந்தது. தேங்காயெண்ணெய் போதுமானதாக இருந்தது. டிரிப்ஸைப் பிடுங்குகிறார், கட்டிப் போடலாமா, தூங்க ஊசி போடலாமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றோம். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டோம். சின்ன விளக்கு ஒன்றை எரியவிட்டோம். கேரளத்து ஆஸ்பத்திரிகளில் பைஸ்டாண்டர் என்று சொல்லும் துணையாள் அன்றிரவு பேத்திதான். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மாட்டின் பெயரென்ன, எத்தனை லிட்டர் கறந்தது என்று விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வலி மாத்திரையையும் ஆக்சிபியூட்டினினையும் நீர் மாத்திரை இரண்டையும் அன்றே நிறுத்தினோம். அம்லோடிபின் இரண்டும் போயின. சோடியத்தை மெல்ல மெல்ல ஏற்றினோம், வேகமாக ஏற்றினால் மூளைக்குக் கெடுதல். பையிலிருந்த ஆஸ்பிரினை நிறுத்துவதைப் பற்றி மகன் வாதாடினார். ரத்தம் உறையாமல் இருக்க எல்லோரும் போடுகிறார்களே என்றார். பாட்டிக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததே இல்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலுமாக 19,000 பேருக்கு மேல், பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்களை வைத்துச் செய்த ஆஸ்ப்ரீ ஆய்வு 2018இல் வெளியானது. இதய நோய் வராதவர்களுக்கு வரும்முன் காப்பதற்கென்று ஆஸ்பிரின் கொடுத்ததில் பலன் தெரியவில்லை, ரத்தக்கசிவு கூடியது. இதை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல இருபது நிமிடம் ஆனது. மருந்து எழுத அரை நிமிடம் போதும். நிறுத்துவதற்குத்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களோ ஸ்டென்ட் வைத்தவர்களோ இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், அவர்களுக்கு அது அவசியம்.

நிறுத்துவதே நோக்கம் என்று யாரும் நினைக்கவும் கூடாது. வயதாகிவிட்டது என்பதற்காகவே மருந்தை மறுப்பதும் அதே அளவு தவறு. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடும் பெரியவருக்கு, விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் ரத்தம் உறையாத மருந்து கொடுக்காமல் விட்டு, ஆறே மாதத்தில் பக்கவாதத்தோடு கொண்டுவந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். வலி என்று அழுகிற பாட்டிக்கு வலி மாத்திரையை எடுத்துவிட்டு வேறொன்றும் கொடுக்காமல் அனுப்புவது கொடுமை. இவருக்குப் பாராசிட்டமால் நேரம் வைத்துக் கொடுத்தோம், முழங்காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தோம். தைலத்தைத் தொடரச் சொன்னோம். ஐந்தாம் நாள் காலை பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலையில் ஏன் எண்ணெய் வைக்கவில்லை என்று கேட்டார்.

வீட்டுக்கு அனுப்பும் நாள்தான் எனக்குப் பயம். டிஸ்சார்ஜ் சம்மரியில் கொடுத்த மருந்தெல்லாம் இருக்கும், நிறுத்திய மருந்து இருக்காது. வீட்டில் அந்தப் பழைய அட்டைகள் அப்படியே டப்பாவில் இருக்கும். ஒரு வாரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். அதனால் நாங்கள் ஒரு தாளைத் தமிழில் கையால் எழுதுகிறோம். தொடர்வது, புதியது, நிறுத்தியது என்று மூன்று பகுதி. நிறுத்தியதற்கு நேராகக் காரணம் ஒரு வரியில். "நீர் மாத்திரை – உப்புச்சத்து இறங்கிவிட்டது, மறுபடி யார் எழுதினாலும் இந்தத் தாளைக் காட்டவும்." மருந்துக்கு உள்பெயரை எழுதுகிறோம், கம்பெனி வைத்த பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை. 2016இலேயே மருத்துவக் கவுன்சில் உள்பெயரைத்தான், அதுவும் படிக்கிற மாதிரி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டது. அந்த ஒரு விதியை எல்லோரும் பின்பற்றியிருந்தால் அம்லாங்கும் ஸ்டாம்லோவும் ஒரே பையில் சேர்ந்திருக்காது. மருந்தால் கெடுதல் நேர்ந்ததாகத் தோன்றினால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. டாக்டர்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை.

14 மருந்தோடு வந்த பாட்டி 5 மருந்தோடு போனார். ஐந்தில் ஒன்று அல்பிரசோலம். அதை மட்டும் ஒரேயடியாக நிறுத்த முடியாது. வருடக்கணக்காகப் போட்டதைத் திடீரென்று விட்டால் நடுக்கம் வரும், தூக்கம் மொத்தமாகப் போகும், சிலருக்கு வலிப்பேகூட வரும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இறக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து வந்தார். சோடியம் 136. ராத்திரி ஒரு முறைதான் எழுகிறாராம். மஞ்சப்பையை நான் கேட்கும் முன்பே கட்டிலில் கவிழ்த்தார். தாள் நாலாக மடித்து, ஓரம் எண்ணெய்ப் பட்டு, உள்ளே இருந்தது. பாலக்காட்டு டாக்டரிடமும் காட்டியிருக்கிறார்கள், அவர் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். அரை மாத்திரையாக்கிய அல்பிரசோலத்தைக் கால் மாத்திரை ஆக்கலாமா என்று கேட்டேன்.

"அது ஒண்ணை மட்டும் உட்ரு கண்ணு. பாக்கி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டே."

"தைப்பொங்கல் வரைக்கும் அரையே இருக்கட்டுங்க அம்மா. அப்புறம் பார்க்கலாம்."

யோசித்தார். "மாட்டுப்பொங்கல் கழியட்டும்" என்றார். தாளில் தேதியை எழுதி, அடியில் பேத்தியைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.